முப்பது மீட்டர்

எர்ஸுரூமில் ஜன்னலுக்கு வெளியே பனி.
உள்ளே முப்பது மீட்டர் நடைக்கூடம்,
இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு.
ஆறு நிமிடம் நடக்க வேண்டும். சோதனை அவ்வளவுதான்.

நான் கூட நடக்கக் கூடாது.
நடந்தால் என் வேகம் அவர்களுக்குத் தொற்றிக்கொள்ளுமாம்.
நிமிடத்துக்கு ஒருமுறை வாய் திறக்கலாம்,
அதுவும் தாளில் அச்சடித்தபடி:
"நன்றாகச் செய்கிறீர்கள். இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது."
சபாஷ் கிடையாது. இன்னும் கொஞ்சம் தம்பி கிடையாது.
ஒரே குரல், ஒரே சொல்,
நாற்பத்தாறு பேருக்கும்.

பெதிர்ஹான் பதினேழாம் எண்.
வயது முப்பத்து நாலு. நுரையீரலின் வயதைக்
கருவி எழுபத்தொன்று என்றது.
இஸ்தான்புல்லில், காற்றுப் புகாத நிலவறையில்,
ஜீன்ஸ் மேல் மணல் பீய்ச்சும் வேலை.
புதுத் துணி பழசாகத் தெரிய வேண்டும்:
தொடையில் வெளுப்பு, முழங்காலில் தேய்வு,
யாரோ பத்து வருஷம் உடுத்திப் பாடுபட்டதைப் போல.
வாங்குகிறவன் படாத பாடு.
துணி வெளுத்தது. மணல் எங்கே போனது என்பது
பிறகு எக்ஸ்ரேயில் தெரிந்தது.
அதே அறையில் படுத்து உறங்கிய ஊர்க்காரர்கள் பதினோரு பேர்.
இப்போது நாலு.

தழும்பேறிய நுரையீரல் பழையபடி ஆகாது.
ஆகும் என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.
உதரவிதானம் தசைதானே, அதைப் பழக்க முடியுமா?
கேள்வி அதுதான்.
ஆளுக்கொரு கருவி, ஊதுகுழல் மாதிரி;
ஆனால் ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும்.
பாதிப் பேருடையதில் உள்ளே இறுகிய சுருள்வில்.
மீதிப் பேருடையதில் வெறும் காற்று.
பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும்.
யாருக்கு எது என்பது உறைக்குள்; எனக்கும் தெரியாது.
காலையில் முப்பது இழுப்பு, மாலையில் முப்பது, எட்டு வாரம்.

எட்டாம் வாரம் பதினேழாம் எண்
நாற்பத்தொன்பது மீட்டர் கூடுதலாக நடந்தார்.
கூம்பைச் சுற்றித் திரும்பும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.
நான் தாளைப் பார்த்து வாசித்தேன்:
"நன்றாகச் செய்கிறீர்கள். இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது."
குரல் கொஞ்சம் பிசகியது.
அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

உறையைப் பிரித்தோம்.
பதினேழு: வெறும் காற்று.

கட்டிச் சர்க்கரையைப் பல்லிடுக்கில் வைத்து
தேநீரை அதன் வழியே உறிஞ்சியபடி சொன்னார்:
"ஆறு வருஷம் அழுத்தக் குழாய் பிடித்தவன், அக்கா.
வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, உள்ளே ஒன்றுமில்லை.
கட்டைவிரலால் துளையை அடைத்துக்கொண்டேன்.
முதல் வாரம் பாதி. அப்புறம் முக்கால்.
யாரிடமும் மூச்சு விடவில்லை.
சொன்னால் பிடுங்கிக்கொள்வீர்களே."

இனி கட்டுரை எழுத வேண்டும். விதியில் குழப்பமில்லை:
எந்தப் பிரிவில் சேர்த்தோமோ அந்தப் பிரிவிலேயே எண்ண வேண்டும்.
வெறும் காற்றுக்காரர்களின் சராசரியை
ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்துகிறார்.
இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருந்த இடைவெளி ஒடுங்கி,
எங்கள் கண்டுபிடிப்பு மேடேறிய ஆளைப் போல
மூச்சு வாங்குகிறது.
"நீக்கிவிடலாமே" என்றார் பேராசிரியர் நெஜ்தெத்.
"ஒரு கட்டைவிரலுக்காக மூன்று வருஷ உழைப்பா?"

நீக்கவில்லை.
மூன்றாம் அட்டவணைக்கு அடியில், நட்சத்திரக் குறியிட்டு,
பொடி எழுத்தில் ஒரு வரி:
பங்கேற்பாளர் ஒருவர் கருவியை மாற்றிப் பயன்படுத்தினார்.
விரல் என்று எழுதியிருந்தேன். திருத்தியவர்கள் எடுத்துவிட்டார்கள்.

ஆய்வு முடிந்ததும், சொன்ன வாக்குப்படி,
வெறும் காற்றுக்காரர்களுக்கெல்லாம் சுருள்வில் கருவி கொடுத்தோம்.
பெதிர்ஹான் வாயில் வைத்து ஒருமுறை இழுத்தார்.
எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.
"இது என் விரலைவிட லேசாக இருக்கிறதே" என்று
திருகை இரண்டு சுற்று இறுக்கினார்.